இருபத்தெட்டு என்று ஒட்டிய பாவாடைகள்

ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விடியலில் தூறிய மழை ஏழு மணிக்கெல்லாம் நின்றுவிட்டது. அதன் பிறகு ஓர் இலைகூட அசையவில்லை. தகரக் கூரை போட்ட தையற்கூடத்தில் புழுக்கம் தாங்காமல் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாஸ்டரம்மா அரை மணி நேரம் தாமதமாக வந்தார். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் துணி வெட்டும் பொறுப்பு அவருடையது. வெட்டுபவரை மாஸ்டர் என்பது தொழில் வழக்கம். இவர் பெண் என்பதால் 'அம்மா' என்பதும் சேர்ந்துகொண்டது. இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் நேரம் தவறியது இரண்டே முறைதான். ஒன்று தாய் இறந்த நாள். மற்றொன்று வெள்ளத்தில் பாலம் மூழ்கிய நாள்.

காஜா போடும் இயந்திரத்தில் இருந்த பெண் சட்டையின் பொத்தான் துளையிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டாள்:

"என்ன மாஸ்டரம்மா, கடிகாரம் நின்னுபோச்சா, நீங்க நின்னுபோயிட்டீங்களா?"

"நான்தான்டி நின்னேன். ஸ்கூல் கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கான். படிச்சிட்டு அங்கேயே நின்னுட்டேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"நம்ம பிள்ளைங்க திடலுக்குக் கருமாதி."

சிரிக்க வாயெடுத்தவள் மாஸ்டரம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

நகராட்சிப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் கல்வித் துறையின் புத்தகக் கிடங்கும் வாகன நிறுத்தமும் வரப்போகின்றன; விளையாட்டு ஆசிரியரின் பணியிடம் அடுத்த மாதத்தோடு நீக்கப்படும். அறிவிப்பின் சாரம் இவ்வளவே. இதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கூறியிருந்த காரணத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. 'சீருடை அளவுப் பட்டியலின்படி, இப்பள்ளியில் அட்டவணைக்கு வெளியே உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை ஒன்பது ஆண்டுகளாகப் பூஜ்யம். குழந்தைகளிடையே உடற்பருமன் இல்லாமையால் தனித் திடலுக்கான தேவை எழவில்லை. இது துறையின் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் அளித்த பயன். ஆட்சேபம் உடையோர் இருபத்தேழாம் தேதி நேரில் தெரிவிக்கலாம்.'

அந்தப் பூஜ்யத்தை உண்டாக்கியது எந்தச் சுவரொட்டியும் அன்று. அதை உண்டாக்கியவர் மாஸ்டரம்மாவேதான்.

அவர் பதினெட்டு வயதில் பிசிறு வெட்ட வந்தவர். தைத்து முடித்த உடையில் தொங்கும் நூல்களை நறுக்கித் தள்ளுவது அந்த வேலை. அப்போதிருந்த மாஸ்டர், பெண்கள் கையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைக் கொடுத்தால் துணிக்குத் தோஷம் என்று நினைத்த மனிதர். அவர் பித்தப்பை அறுவைக்காக இரண்டு வாரம் படுத்தபோது, வேறு வழியின்றி முதலாளி இவரை வெட்டு மேசைக்கு அழைத்தார். முப்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதன்மேல் அட்டை வடிவங்களை அடுக்கிக் கோடு போட்டு, இயந்திரக் கத்தியால் ஒரேயடியாக வெட்ட வேண்டும். அட்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்குகிறோமோ அவ்வளவு துணி மிஞ்சும். மாஸ்டரம்மா அடுக்கியபோது மடிப்புக்கு ஒரு சாண் மிஞ்சியது. பழைய மாஸ்டர் திரும்பி வந்து ஓய்வுபெறும்வரை இருந்தார். சாக்குக்கட்டி மட்டும் அவரிடம் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கூடம் இரண்டு பள்ளிகளுக்குத் தைத்தது. மேட்டின்மேல் இருந்தது பணம் கட்டிப் படிக்கும் பள்ளி. கீழே, சரக்கு லாரிகள் போகும் சாலையை ஒட்டி இருந்தது நகராட்சிப் பள்ளி. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பள்ளிகளுக்கும் சென்று தொடக்க வகுப்புக் குழந்தைகளை அளக்கும் வேலையும் பதினோர் ஆண்டுகளாக மாஸ்டரம்மாவுடையதே. மேட்டுப் பள்ளியில் குளிரூட்டிய அறையில் நாற்காலி போட்டு, பழச்சாறும் கொடுத்தார்கள். அங்கே எந்த அளவானாலும் தைத்துக் கொடுக்கலாம். நகராட்சிப் பள்ளிக்கு வரும் இலவசச் சீருடைக்குத் துறை ஓர் அட்டவணை வைத்திருந்தது. இடுப்பளவு இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இருபத்தாறு, இருபத்தெட்டு. அதோடு சரி. அதற்கு மேற்பட்ட இடுப்பு அரசாங்கத்துக்குப் புரியாத இடுப்பு. அத்தகைய குழந்தையை 'அட்டவணைக்கு வெளியே' என்று அழைத்துச் சுவரோரம் தனியாக நிறுத்துவார்கள். பெயர்ப்பட்டியலை வாசலில் ஒட்டுவார்கள். சொந்தச் செலவில் உடை தைத்துக்கொள்ளும்வரை அந்தக் குழந்தை வண்ண உடையில் வந்து, வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரிசையில் வந்து நின்றாள். அளவு நாடா முப்பது காட்டியது. பக்கத்தில் பேனாவுடன் நின்ற ஆசிரியை "எவ்ளோ?" என்று கேட்பதற்குள், சிறுமி வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்:

"அக்கா, மூச்சை இழுத்துக்கிட்டேன். இப்ப பாருங்க. சீக்கிரம், ரொம்ப நேரம் பிடிக்க முடியாது."

முகம் சிவந்து, கன்னம் உப்பி, கண்ணில் நீர் கோத்து நின்ற அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மாஸ்டரம்மா உரக்கச் சொன்னார்: "இருபத்தெட்டு."

கூடத்துக்கு வந்து அவளுக்கு முப்பது அங்குலத்தில் வெட்டினார். அட்டைகளை நெருக்கி அடுக்கி மிச்சம் பிடித்த துணி அதற்குப் போதுமானதாக இருந்தது. இடுப்புப் பட்டியில் 'இருபத்தெட்டு' என்ற அடையாளத் துணுக்கைத் தைக்கச் சொன்னார். தைத்தவள் துணுக்கையும் பட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தை ஓட்டினாள். அன்று அவளையும் சேர்த்து மூச்சை இழுத்துக்கொண்டவர்கள் பத்தொன்பது பேர். அடுத்த ஆண்டு இருபத்தாறு. கூடத்தில் இருந்த நாற்பது பெண்களுக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாது, அவர் மொத்தத் துணியைப் பார்ப்பாரே தவிர ஒரு பாவாடையையும் விரித்துப் பார்த்ததில்லை. உண்மையான அளவு இல்லாமல் வெட்ட முடியாது என்பதால் மாஸ்டரம்மா அதைத் தன் அளவு நோட்டில் எழுதி வைத்தார். பட்டியலில் ஓர் எண், நோட்டில் ஓர் எண். ஒரு குழந்தையையும் சுவரோரம் நிற்க விடவில்லை என்ற நிறைவு அவருக்கு ஒன்பது ஆண்டுகள் இருந்தது.

அந்த நிறைவில் இப்போது மண் விழுந்தது. அன்று அவர் கைக்கு வேலை ஓடவில்லை.

மாலையில் தங்கையின் வீட்டுக்குப் போனார். தங்கை விடியலில் பொட்டலம் கட்டும் ஆலைக்கும், மதியத்துக்கு மேல் அலுவலகங்களைத் துடைக்கும் வேலைக்கும் போகிறவள். அன்று அவள் இரண்டுக்கும் போகாமல், மடியில் ஒரு மருத்துவச் சீட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாருக்கா. பிள்ளைக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறுதாம். பதினோரு வயசுல! இடுப்பைப் பார்க்கலையா, கண்ணு எங்க போச்சுன்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொல்ல? மூணு வருஷமா இவ இருபத்தெட்டுதான் போடுறா, ஏறவே இல்லையேன்னு சொன்னேன். அவரு டேப்பை எடுத்து அளந்தாரு. முப்பத்திமூணு."

மாஸ்டரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தங்கை மகளைக் கடைசியாக அளந்தது அவர்தான். முப்பத்திமூன்று என்று நோட்டில் எழுதியதும் அவர்தான். ஆயிரம் முறை அளந்த கைக்கு அது ஓர் எண்ணாக மட்டுமே பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்.

தங்கை எழுந்தே விட்டாள்.

"ஊரார் பிள்ளைக்கு வெட்கம் தெரியக் கூடாதுன்னு, என் கண்ணுல மண்ணைத் தூவிட்டியேக்கா!"

"நீ பெத்தவ. தினம் பார்க்கிற பிள்ளை. உனக்குத் தெரியலையா?"

"எங்கக்கா பார்க்கிறேன்? நாலரைக்குக் கிளம்பறேன், எட்டரைக்கு வரேன். தூங்குற பிள்ளையைத்தான் பார்க்கிறேன். போர்வைக்கு மேல இடுப்பு எங்க தெரியும்? துணியில ஒட்டியிருந்த நம்பரைத்தான் நம்பினேன். என் அக்கா ஒட்டின நம்பராச்சே!"

அடுப்படி மூலையில் சத்துணவு என்ற பெயரில் வாங்கியிருந்த வண்ணப் பொட்டலங்கள் கிடந்தன. தெருமுனைக் கடையில் அவைதாம் கிடைக்கும். கூரையிலிருந்து சரஞ்சரமாகத் தொங்கும். ஒரு பழம் வாங்க வேண்டுமானால் இரண்டு பேருந்து மாறி மேட்டுப் பக்கம் போக வேண்டும். பள்ளியில் குடிநீர்க் குழாய் கெட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாசலில் இனிப்புப் பானம் விற்கும் இயந்திரம் மட்டும் ஒருநாள்கூடக் கெட்டதில்லை. தாய் இல்லாத வீட்டில், பசித்த பிள்ளை கைக்கு எட்டியதைத் தின்றது. இதற்குத் தாயை 'வாங்கு வாங்கு' என்று வாங்க எல்லோருக்கும் வாய் இருக்கிறது!

"டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"தினம் ஒரு மணி நேரம் ஓடச் சொன்னாரு. எங்க ஓடுறது? லாரிக்கு முன்னாலயா?"

சிறுமி உள்ளறையிலிருந்து வந்து பெரியம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"பெரியம்மா, நான் ஓட வேண்டாம். எங்க விளையாட்டு சார் என்னைக் கோல் கீப்பரா போட்டிருக்காரு. ஒரு பந்துகூட உள்ள போகாதாம். நானே கதவு மாதிரி இருக்கேனாம், பசங்க சொல்றாங்க."

சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தாள். பிறர் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட வேண்டும் என்று பழகிய சிரிப்பு அது.

"திடலை மூடிட்டா சார் எங்க போவாரு பெரியம்மா?"

"மூட மாட்டாங்க," என்றார் மாஸ்டரம்மா. "யாரு மூடுறான்னு பார்க்கிறேன்."

மறுநாள் காலை அவர் முதலாளியின் அறைக்குப் போய், இருபத்தேழாம் தேதி விடுப்பு வேண்டும் என்று கேட்டு, காரணத்தையும் சொன்னார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா மாஸ்டரம்மா? ஒன்பது வருஷமா பொய் லேபிள் ஒட்டினோம்னு நாமளே போய்ச் சொல்றதா? அடுத்த நிமிஷம் ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடுவான். நாற்பது பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?"

"ஒட்டினது நான். நீங்க இல்லை."

"அங்க யாரு உங்களையும் என்னையும் பிரிச்சுப் பார்ப்பாங்க? சரி, போய்த்தான் ஆகணும்னா லேபிள் மிஷின் மேல போடுங்க. அச்சுல தப்பு நடந்துடுச்சு, நாலஞ்சு உருப்படி மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்கும் தொல்லை இல்லை, எனக்கும் இல்லை."

"நாலஞ்சு மாறினா அவனோட பூஜ்யம் மாறாதே சார்."

"அவன் பூஜ்யம் மாறினா நமக்கென்ன?"

மாஸ்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த மனிதரிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. உயர்த்தாமல் விட்டதை எண்ணி அன்று முழுவதும் தன்மீதே எரிந்துகொண்டிருந்தார்.

செய்தி அதற்குள் கூடம் முழுவதும் பரவியிருந்தது. உணவு இடைவேளையில் காஜாப் பெண் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அவளிடம் வழக்கமான கேலி இல்லை.

"நாங்களும் தெரிஞ்சேதானே தைச்சோம்? எங்க பேரும் வருமா மாஸ்டரம்மா? எனக்கு வீட்டுல மூணு வாய் இருக்கு."

"உங்க பேரு எதுக்குடி வருது? சாக்குக்கட்டி யாரு கையில இருந்துச்சு?"

"உங்க வேலை போயிடும்."

"போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் உன் காஜா மிஷினைப் பிடுங்கிக்கிறேன்."

காஜாப் பெண் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நல்ல நேரம் பார்த்து ஜோக்கு அடிப்பீங்க," என்று திட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

இருபத்தேழாம் தேதி, நகராட்சிப் பள்ளியின் கூட்ட அறையில் கல்வி அலுவலர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். எதிரே முப்பது தாய்மார்கள் இருந்தார்கள். பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். முதல் வரிசையின் ஓரத்தில் முதலாளி, எதற்கும் இருக்கட்டும் என்று வந்திருந்தார். சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டிய வரைபடத்தில் ஒரு நேர்கோடு இருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பூஜ்யத்தின்மேல் படுத்துக் கிடந்த கோடு.

"இந்தக் கோட்டுக்காகத்தான் நம்ம துறைக்குப் பாராட்டுக் கடிதமே வந்திருக்கு," என்றார் அலுவலர் வாய் கூசாமல்.

தங்கை எழுந்தாள். "என் பொண்ணு முப்பத்திமூணு சார். டாக்டர் சீட்டு இருக்கு."

"ஒண்ணு ரெண்டு எங்கேயும் இருக்கும்மா. அதுக்குத் திடல் என்ன பண்ணும்? வீட்டுல வாயைக் கட்டச் சொல்லுங்க. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துட்டு இங்க வந்து கேட்டா எப்படி?"

தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்து அடங்கியது. தங்கை உட்காரவில்லை. மாஸ்டரம்மா முன்னால் நடந்தார். கைப்பையிலிருந்து இரண்டு பாவாடைகளை எடுத்து அலுவலரின் கோப்புகளின் மேலேயே விரித்தார். ஒன்று மேட்டுப் பள்ளியுடையது. மற்றொன்று நகராட்சிப் பள்ளியுடையது. இரண்டின் பட்டியிலும் இருபத்தெட்டு என்றே இருந்தது. கழுத்தில் கிடந்த நாடாவைக் கழற்றி நீட்டினார்.

"அளந்து பாருங்க சார்."

"நானா?"

"நான் அளந்தா நம்ப மாட்டீங்க. நீங்களே அளங்க. இழுக்காம அளங்க."

அலுவலர் அளந்தார். முதலாவது இருபத்தெட்டு. இரண்டாவதை இரண்டு முறை அளந்தார். முப்பத்திமூன்று. எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது ஒரு துணி," என்றார் அலுவலர். "இதை வெச்சுக்கிட்டு..."

அளவு நோட்டு மேசையில் வந்து விழுந்தது. ஓரங்கள் சாக்குத்தூளில் வெளுத்த, தடித்த நோட்டு. மாஸ்டரம்மா பக்கத்தைத் திருப்பவில்லை. அவருக்கு அது மனப்பாடம்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால மேட்டுப் பள்ளியில இருபத்தெட்டுக்கு மேல அறுபத்துநாலு பிள்ளைங்க. இங்க பதினேழு. போன வருஷம் மேட்டுல இருபத்தொண்ணு. இங்க தொண்ணூத்தாறு. இருக்கிறதே நானூத்திப் பன்னிரண்டு பிள்ளைங்க சார். நாலுல ஒண்ணு. ஒண்ணு ரெண்டுன்னு சொன்னீங்களே, எண்ணிப் பாருங்க."

"மேட்டுல எப்படிக் குறைஞ்சுது?" என்று எழுத்தர் தம்மை மறந்து கேட்டுவிட்டார்.

"அங்க ரெண்டு திடல் இருக்கு. நீச்சல் குளம் இருக்கு. என்ன சாப்பிடணும்னு சொல்றதுக்கே ஆள் வெச்சிருக்காங்க. இங்க குழாயில தண்ணிகூட வரலை. இருக்கிறது ஒரே ஒரு திடல். அதையும் பிடுங்கிட்டு, வாயைக் கட்டுன்னு சொல்றீங்க. யாரு வாயை சார்? காலையில நாலரைக்கு வேலைக்கு ஓடுறவ வாயையா?"

இப்போது அவருடைய குரல் உயர்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். அலுவலர் கையை உயர்த்தினார். நோட்டை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது. பாராட்டுக் கடிதத்தின் நினைவு வந்திருக்கக்கூடும்.

"சரிம்மா. விதிப்படிதான் பேசணும். அச்சுல தப்பு, மிஷின்ல கோளாறுன்னா அறிக்கை அப்படியே நிற்கும்; நாலு லேபிளைத் திருத்திட்டுப் போயிடுவோம். ஒன்பது வருஷமும் தெரிஞ்சே மாத்தினாங்கன்னு பொறுப்பான ஒருத்தர் பேரோட பதிவானாதான் அறிக்கை செல்லாது. திடல் விஷயமும் மறு அளவு எடுக்கிற வரைக்கும் நிற்கும். ஆனா பேரு பதிவானா விசாரணை வரும். புரியுதா?"

முதலாளி நாற்காலியில் முன்னால் சாய்ந்து, விரல்களால் அச்சு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவது போலச் சாடை காட்டினார். மாஸ்டரம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எழுத்தர் புதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அலுவலர் தொண்டையைச் செருமினார்.

"முப்பத்திமூணை இருபத்தெட்டுன்னு மாத்தினது யாரு?"

"நான்தாங்க."